இலைக்காரம்மா வாங்கிய நோட்டுகள்

கிழிந்த நோட்டு ஒன்று கைக்கு வந்துவிட்டால் மாட்டுங்காவில் எங்கள் பக்கத்து ஜனங்கள் அந்த நாளில் கவலையே பட மாட்டார்கள். "இலைக்காரிகிட்ட தள்ளிடு" என்பார்கள். மார்க்கெட் முனையில், மாவு மில்லுக்கும் பாத்திரக் கடைக்கும் நடுவே சாக்கை விரித்து, வாழையிலையும் வெற்றிலையும் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். எந்த நோட்டை நீட்டினாலும் வாங்கிக்கொள்வார். நானும் அப்போது இலைக்காரி என்றுதான் சொல்வேன். இப்போது எழுத உட்கார்ந்தால் கை கூசுகிறது. இலைக்காரம்மா என்றே எழுதுகிறேன். பெயர் தெரியாமல் இல்லை, பாஸ்புக்கில் எத்தனையோ தடவை பார்த்த பெயர்தான். யாரும் கூப்பிடாத பெயரை நான் மட்டும் இத்தனை வருஷம் கழித்து எடுத்து வைப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

மார்க்கெட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பாங்க்கில் நான் கேஷ் கவுண்டரில் இருந்தேன். எண்பதுகளின் ஆரம்பம். கம்பிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துவிட்டால் எனக்குக் கொஞ்சம் திமிர் வந்துவிடும். ஒரு நோட்டைத் தொட்ட உடனே செல்லுமா செல்லாதா என்று சொல்லிவிடுவேன். லேசாகக் கிழிந்தது, நடுவில் மடிப்பு விட்டுப்போனது, எண் இரண்டு பக்கமும் சரியாகத் தெரிகிறது என்றால் வாங்கிக்கொள்வோம். எண் போனது, கருகினது, வேறு வேறு நோட்டின் பாதிகளைச் சேர்த்து ஒட்டினது என்றால் எங்களிடம் நடக்காது, நகரத்தின் தென்கோடியில், கோட்டைப் பகுதியில் இருக்கிற பெரிய பாங்க்குக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும். அங்கே போக ஒரு நாள் பிழைப்புக் கெடும். ஐந்து ரூபாய்க்காக யார் போவார்கள்?

சனிக்கிழமைதோறும் பன்னிரண்டு மணி சுமாருக்கு இலைக்காரம்மா வருவார். கறுப்பு, ஒல்லி, நெற்றியில் பெரிய குங்குமம். கையில் எப்போதும் வாழைச் சாற்றின் கறை. முந்தானையில் முடிந்து வைத்திருக்கும் நோட்டுகளை அவிழ்த்துக் கம்பிக்குக் கீழே தள்ளுவார். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எலி கடித்தது இருக்கும். எண்ணெயில் ஊறினது, மீன் வாடை அடிக்கிறது, மஞ்சள் தண்ணீரில் விழுந்து எழுந்தது எல்லாம் இருக்கும். ஒரு தடவை இரண்டு ரூபாய் நோட்டில் "நாளைக்கு கண்டிப்பா வரேன்" என்று யாரோ யாருக்கோ தமிழில் எழுதியிருந்தது. பின் குத்திக் குத்தி ஓரம் முழுக்கச் சல்லடையாகிப் போன நோட்டுகளைப் பற்றி மட்டும் நான் வாயைத் திறக்க மாட்டேன். கட்டுக்குப் பின் அடித்து அந்த ஓட்டைகளைப் போட்டதே எங்களை மாதிரி பாங்க்குகள்தானே.

"ஏம்மா, ரெண்டு கண்ணும் நன்னாத்தானே இருக்கு? பாத்து வாங்கப்படாதா?" என்பேன்.

"பாத்துத்தாம்மா வாங்குதேன்" என்பார்.

"பாத்துட்டுமா இதை வாங்கினேள்?"

சிரிப்பார். மேலே ஒரு பல் உடைந்திருக்கும். நான் கழித்துத் தள்ளும் நான்கைந்து நோட்டுகளைப் பதவிசாக நீவி, மறுபடி முந்தானையில் முடிந்துகொள்வார். அதையெல்லாம் குர்லா ஸ்டேஷன் பக்கத்தில் ஒருவன் பாதி விலைக்கு வாங்குவானாம். அவனும் வேண்டாம் என்றால் தாராவி வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருப்பாராம். பிஸ்கட் டப்பா நிறைந்துவிட்டது, இப்போது பவுடர் டப்பா என்று ஒரு தடவை பெருமையாகவே சொன்னார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அவரை அசடு என்று நினைத்தால் தப்பு. மொத்த வியாபாரி வெற்றிலையில் ஒன்று குறைத்து எண்ணிவிட்டுத் திரும்புவதற்குள் அவன் கையைப் பிடித்துவிடுவார். மழைக்காலத்தில் ஒரு நாள், காக்கி உடுப்புப் போட்ட ஒருவர் ஐந்து ரூபாய் நோட்டில் பாதியை மட்டும் நீட்டியதை நானே பார்த்திருக்கிறேன்.

"மத்தப் பாதி எங்கண்ணே?"

"வீட்ல இருக்கு."

"அப்பச் சரி. பாதி இலை தாரேன். மீதிய அதக் கொண்டாந்துட்டு வாங்கிக்கிடுங்க."

அந்த மனிதர் முகம் போன போக்கைப் பார்த்து மாவு மில்காரர் வரைக்கும் சிரித்தார். கடைசியில் இலைக்காரம்மா முழு இலையையும் சுருட்டிக் கட்டிக் கொடுத்து, அந்த அரை நோட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார். கேலி செய்வார், ஆனால் வேண்டாம் என்ற சொல் மட்டும் வாயில் வராது. காட்கோபரிலிருந்து ஆள் தேடி வந்து ஒரு கவுளி வெற்றிலை வாங்கிவிட்டுக் கிழிசலைத் தள்ளிவிட்டுப் போகிற அளவுக்கு அவர் பெயர் பரவியிருந்தது.

காரணம் எனக்குத் தெரிந்தது அம்மாவின் திவசத்துக்கு இலை வாங்கப் போன அன்றைக்கு. லீவு போட்டிருந்தேன். அப்பாவும் கூட வந்திருந்தார். பக்கத்தில் கொத்தமல்லி விற்கும் வடக்கத்திப் பையாவிடம் ஒரு மனிதர் நின்றுகொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும், கையில் மஞ்சள் பை. அவர் நீட்டிய நோட்டைப் பையா இரண்டு விரலால் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "நஹி சலேகா" என்று திருப்பி வீசினான். அவர் நோட்டை எடுத்து மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். எங்கே போவது என்று தெரியாமல் அங்கேயே நின்றார்.

"யண்ணே, இங்க வாங்க" என்று இலைக்காரம்மா கூப்பிட்டார். "என்ன வேணும் வீட்டுக்கு?"

"கொத்தமல்லி."

நோட்டை வாங்கிச் சாக்குக்கு அடியில் வைத்தார். தன்னிடமிருந்த நல்ல சில்லறையைக் கொடுத்துப் பையாவிடம் கொத்தமல்லி வாங்கி அவர் பையில் போட்டு, மீதியையும் எண்ணிக் கொடுத்தார். அந்த மனிதர் போன பிறகு, எனக்குப் பொறுக்கவில்லை.

"இலைகூட வாங்கலையே அவர்! உங்களுக்கு என்ன வேண்டுதலா?"

இலையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை.

"நான் வேண்டாம்னுட்டா, அந்த மனுசன் அத எடுத்துக்கிட்டு வீட்டுக்குத்தானம்மா போவணும். அங்கன என்ன மாதிரி ஆளு இருக்குன்னு எனக்குத் தெரியுமா?"

பிறகுதான் தன் வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னார். தாராவியில் ஒரு தோல் கிடங்கில் அவருக்கு வேலை. சம்பளம் போடும் நாளில் வரிசையில் எல்லோரையும் முன்னால் விட்டுவிட்டுக் கடைசியில் நிற்பாராம். கடைசியில் நிற்கிறவனுக்கு என்ன மிஞ்சும்? நோட்டுக் கட்டின் கிழிசல் எல்லாம் அவருக்குத்தான். பஸ்ஸில் மீதிச் சில்லறை வாங்கினாலும் கிழிசல், டீக்கடையில் வாங்கினாலும் கிழிசல்.

"அவிய மூஞ்சியப் பாத்தாலே கிழிஞ்ச நோட்ட எடுத்து நீட்டத் தோணும் போல. நானும் அதச் சொல்லியே ஏசுவேன்."

ஒரு ஆவணி மாதம், நல்ல மழை. மண்ணெண்ணெய் வாங்கக் காசில்லை. வீட்டில் இருந்தது ஒரே ஒரு இருபது ரூபாய் நோட்டு, அதுவும் மூலை போய், நடுவில் பிளந்தது. மூன்று கடையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்று தடவையும் நனைந்துகொண்டு வந்து வாசலில் நின்றிருக்கிறார்.

"மூணாவது வாட்டி சொல்லிட்டேன். 'ஒரு நோட்ட மாத்தத் துப்பில்லாத ஆம்பள, இத மாத்தாம வீட்டுப் படி ஏறாதீய'ன்னு. சால்ல வரிசை வீட்டு ஆளுவ அத்தன பேரும் கேட்டுக்கிட்டு நிக்காவ. அவிய கோவப்படவே இல்லம்மா. நோட்ட மடிச்சுப் பையில வச்சாவ. செருப்ப மாட்டுனாவ. போயிட்டாவ. கோவப்பட்டிருந்தா திரும்பி வந்திருப்பாவ."

அதற்குப் பிறகு அவரைக் காணவில்லை. குர்லா, காட்கோபர், தண்டவாளம், ஆஸ்பத்திரி, போலீஸ் சௌக்கி என்று தேடியிருக்கிறார். ஊருக்குக் கடிதம் போட்டால் அங்கேயும் வரவில்லை. பிள்ளை குட்டி இல்லை. நான் கேட்டபோது அவர் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. குங்குமத்தை அழிக்காமல் வைத்துக்கொண்டு, என்றைக்காவது வருவார் என்று இவர் இருந்தார். யார் கிழிந்த நோட்டை நீட்டினாலும் அந்த மழையில் வாசலில் நின்ற முகம்தான் தெரியும் போலிருக்கிறது. அவர் அப்படிச் சொல்லவில்லை, நான்தான் சொல்கிறேன்.

அன்றைக்கு அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். "பாவம்" என்றார் வழியெல்லாம். அந்த அப்பாதான் பத்து நாள் கழித்து என் முகத்தில் கரியைப் பூசினார்.

அடுத்த வாரத்துக்கு அடுத்த சனிக்கிழமை, இலைக்காரம்மாவின் நோட்டுகளுக்கு நடுவே ஒரு பத்து ரூபாய். நடுவில் நீளமாக ஒட்டுப் போட்டிருந்தது. தபால் ஸ்டாம்ப் தாளின் ஓரத்தில் வெள்ளையாகப் பசையோடு வருமே, அந்தத் துண்டால், ரூலர் வைத்து வெட்டினது போல நேராக. அந்தக் கைவேலை எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் அப்பா என் பாடப் புத்தகங்களை எல்லாம் அப்படித்தான் ஒட்டிக் கொடுப்பார். ஒட்டுக்கு அடியில் எண்ணின் ஒரு பாதி இல்லவே இல்லை. செல்லாது என்று தெரிந்துதான் அவ்வளவு நேர்த்தியாக ஒட்டியிருக்கிறார்.

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. தலையைத் தூக்காமல், "இது ஆகாதும்மா" என்று தள்ளினேன்.

இலைக்காரம்மா நோட்டை எடுத்துக்கொண்டார். போகவில்லை. கம்பிக்குக் கிட்டே குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"பெரியவருக்குக் கண்ணு மங்கல்லா. தெரியாம எங்கயோ வாங்கியிருப்பாவ. வீட்ல போயி ஒண்ணும் சொல்லிராதீய, என்னம்மா?"

அந்தப் பத்து ரூபாயை நான் என் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. கொடுத்தால் அது அப்பாவின் நோட்டு என்று நான் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும், பக்கத்துக் கவுண்டர்காரன் பார்ப்பான், இப்படி என்னென்னமோ. அன்று சாயங்காலம் சண்டை போடுவது என்ற முடிவோடு வீட்டுக்குப் போனேன். அப்பா ஊஞ்சலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "என்னடி, முகம் ஒரு மாதிரியா இருக்கு?" என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். இலைக்காரம்மா சொன்னதற்காகத்தான் சும்மா இருந்தேன்.

அதற்குப் பிறகு நான் இலைக்காரம்மாவை ஏசுவதைக் குறைத்துக்கொண்டேன். நிறுத்தினேன் என்று சொல்ல மாட்டேன். "பாத்து வாங்குங்கோ" என்பது பழக்கத்தில் வந்துவிடும். அவரும் சிரிப்பார்.

இரண்டு வருஷம் போயிருக்கும். ஒரு புதன்கிழமை காலையில், பாங்க் திறந்த உடனே வந்து நின்றார். சனிக்கிழமை அல்லாத நாளில் அவரை அங்கே பார்த்ததே இல்லை. தலை வாரி, பூ வைத்து, நீலத்தில் ஒரு நல்ல புடவை கட்டியிருந்தார். கையில் சாற்றுக் கறை இல்லை. தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருக்க வேண்டும், விரல் நுனியெல்லாம் சிவந்திருந்தது.

"யம்மா, ஒரு இருவது ரூவா நோட்டு வேணும். புத்தம் புதுசா."

"எதுக்கு?"

"அவியளப் பாத்துட்டாங்கம்மா."

இவர் தெருவிலிருந்து வாஷி வெங்காய மார்க்கெட்டுக்கு மூட்டை தூக்கப் போகும் ஒருவர் வந்து சொல்லியிருக்கிறார். அங்கே ஒரு கிடங்கில் உன் வீட்டுக்காரர் இருக்கிறார், நானே பேசினேன், அவரேதான் என்று. ராத்திரி முழுக்க இவர் தூங்கவில்லையாம்.

"மாத்தாம வராதீயன்னு நான்தான சொன்னேன். அத மாத்த முடியாமத்தான இத்தன வருசமா அங்கன கெடக்காவ. நானே மாத்திக் கொண்டு போறேன். 'இந்தா மாத்தியாச்சு, வாங்க'ன்னு சொல்லிக் கூட்டியாந்துருதேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. புதுக் கட்டைப் பிரித்து, பின் ஓட்டை கூடப் படாத ஒரு நோட்டாகத் தேடினேன். அப்படி ஒன்று எங்கள் பாங்க்கில் கிடைக்காது. ஓரத்தை நகத்தால் தேய்த்துத் தேய்த்து அந்த ஓட்டையை மூடிக் கொடுத்தேன். வாஷிக்கு எந்த பஸ், சயானில் எங்கே ஏறுவது, பாலம் தாண்டி எத்தனையாவது ஸ்டாப் என்று ஒரு சீட்டில் எழுதியும் கொடுத்தேன். அவர் நோட்டை மடிக்கவில்லை. பாஸ்புக்கின் நடுவில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனார். அன்று முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை. அந்த மனிதர் வந்துவிட வேண்டுமே என்று, எப்போதும் எதற்கும் வேண்டிக்கொள்ளாத நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை வழக்கமான நேரத்துக்கு வந்தார். குங்குமம் இருந்தது. கையில் சாற்றுக் கறையும் இருந்தது. நான் கேட்கும் முன்னால் பாஸ்புக்கைத் திறந்து, அந்த இருபது ரூபாய் நோட்டை எடுத்துத் தள்ளினார்.

"இதப் புத்தகத்துல போட்டுருங்கம்மா."

"பாக்கலையா அவரை?"

"பாத்தேன். நல்லாத்தான் இருக்காவ. கொஞ்சம் சதை கூட வச்சிருக்கு." வெளியே எங்கேயோ பார்த்தார். "இம்புட்டுத் தூரம் எதுக்கு வந்தேன்னு கேட்டாவ. நோட்ட நீட்டுனேன். மாத்திட்டேன், வாங்கன்னேன். அவியளுக்கு ஒண்ணும் விளங்கல. 'எந்த நோட்டு?'ன்னு கேக்காவ."

வரிசையில் பின்னால் இருந்தவர் இருமினார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"நான் எல்லாத்தையும் சொன்னேன். மழ, மண்ணெண்ணெய், நான் ஏசுனது எல்லாம். பெறவுதான் நெனப்பு வந்துச்சு. 'அதா? அத அன்னைக்கே குர்லா ஸ்டேசன்ல டீக்கடைக்காரன் வாங்கிக்கிட்டானே. பாக்கக்கூட இல்ல. மிச்சமும் குடுத்தான்'னாவ."

"அப்போ ஏன் வரலையாம்?"

"நானும் அதத்தான் கேட்டேன். வரத் தோணலன்னாவ. கோவமா சொல்லலம்மா. மழ பெய்யலன்னு சொல்லுற மாதிரி சொன்னாவ. டீ வாங்கிக் குடுத்தாவ. நான் குடிச்சிட்டு வந்துட்டேன்."

இவ்வளவு வருஷம் தன் ஒரு சொல்தான் ஒரு மனிதரை வீட்டுக்கு வரவிடாமல் செய்தது என்று நினைத்து, ஊரார் கிழிசலை எல்லாம் வாங்கி வாங்கிச் சேர்த்தவர். அந்த நோட்டு அன்றைக்கே, யாரும் பார்க்காமலே செல்லுபடியாகியிருக்கிறது. இவர் ஏசியது கூட, எடுத்துச் சொல்லும் வரை அந்த மனிதருக்கு ஞாபகம் இல்லை. குற்றம் இவருடையது என்று இருந்த வரைக்கும், திரும்பி வருவார் என்ற நம்பிக்கையாவது இருந்தது. நான் அந்த நோட்டை வரவு வைத்து, பாஸ்புக்கில் எழுதிக் கொடுத்தேன். வேறு ஒன்றும் எனக்குச் செய்யத் தெரியவில்லை.

அடுத்த இரண்டு சனிக்கிழமை அவர் வரவில்லை. மூன்றாவது வாரம் வந்தார். முந்தானையை அவிழ்த்து நோட்டுகளைத் தள்ளினார். கவனித்துப் பார்த்தேன். ஐந்து, இரண்டு, ஒன்று, பத்து என்று தனித்தனியாகப் பிரித்து, எல்லாம் ஒரே பக்கம் பார்த்திருக்கும்படி அடுக்கியிருந்தார். எலி கடித்தது இல்லை. எண்ணெய் பட்டது இல்லை. ஒட்டுப் போட்டது ஒன்று கூட இல்லை.

"எல்லாம் நல்ல நோட்டா இருக்கே" என்றேன்.

"இப்பப் பாத்துத்தாம்மா வாங்குதேன். சரியில்லன்னா திருப்பிக் குடுத்துருதேன். நீங்க எத்தன வாட்டி சொன்னீய."

ஆமாம், நான்தான் சொன்னேன். வாரம் தவறாமல் சொன்னேன். எண்ண ஆரம்பித்தேன். அந்தக் கட்டு முழுக்க ஒரே ஒரு கிழிசலாவது கிடைக்காதா என்று தேடிக்கொண்டே எண்ணினேன். கண் மறைத்து எண்ணிக்கை விட்டுப்போயிற்று. மறுபடியும் முதலிலிருந்து எண்ணினேன்.

"என்னம்மா, இதுல எதும் செல்லாததா?" என்று கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்.

"இல்லம்மா. எல்லாம் செல்லும்" என்றேன்.